ஆறு மடங்கு: புரூக்ளின் பாலத்தின் கணக்கு

நியூயார்க்கில் மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் பழைய தொங்கு பாலத்தின் நான்கு பெருவடங்களுக்குள், பரிசோதனையில் தேறாத கம்பி சுமார் 221 டன் புதைந்து கிடக்கிறது. கம்பி கொடுத்த ஒப்பந்ததாரர் ஏமாற்றினார். 1878இல் அது பிடிபட்டது. அதற்குள் அந்தக் கம்பி நல்ல கம்பியோடு கலந்து வடத்துக்குள் போய்விட்டிருந்தது. பிரித்தெடுக்க வழியில்லை. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் உட்கார்ந்து ஒரு கழித்தல் கணக்குப் போட்டார். தேவைப்படும் பலத்தைப் போல ஆறு மடங்கு இருக்கும்படி வடங்கள் திட்டமிடப்பட்டிருந்தன; கெட்ட கம்பியைக் கழித்தாலும் ஐந்து மடங்குக்குக் குறையாது. ஐந்து போதும், வேலை நடக்கட்டும் என்றார்.

இன்று பெரிய தொங்கு பாலங்களின் வடங்களுக்கு இரண்டு, இரண்டரை மடங்கே தாராளம். அப்படியிருக்க 1867இல் ஒருவர் ஆறு மடங்கு கேட்டது ஏன்? புரூக்ளின் பாலத்தின் கதையை எல்லோரும் துணிச்சலின் கதையாகவே சொல்கிறார்கள். தந்தை உயிரை விட்டார், மகன் உடம்பை விட்டார், மருமகள் கரைசேர்த்தார் என்று அது போகும். பொய்யில்லை. ஆனால் அந்தப் பாலத்தின் கட்டுமானத்தை ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துக்கொண்டு போனால் கண்ணில் படுவது சந்தேகம்தான். மண்ணை நம்பவில்லை, காற்றை நம்பவில்லை, உருக்கை நம்பவில்லை, தன் கணக்கையே முழுசாக நம்பவில்லை. அந்த அவநம்பிக்கைக்கு இட்ட எண்தான் ஆறு.

விழுந்த பாலங்கள்

பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங் 1806இல் பிரஷ்யாவின் மூல்ஹவுசன் நகரில் பிறந்தவர். 1831இல் அமெரிக்கா வந்து பென்சில்வேனியாவில் ஒரு குடியேற்றத்தை அமைத்து விவசாயம் பார்த்தார், அது ஒத்துவரவில்லை. அப்போது அந்த மாநிலத்தில் கால்வாய்ப் படகுகளை மலைச்சரிவில் வண்டிமேல் ஏற்றி, தடித்த சணல் வடங்களால் இழுத்துக் கடத்துவார்கள். வடங்கள் சீக்கிரம் தேய்ந்து அறுந்தன. அதைப் பார்த்த ரோப்ளிங் 1841இல் இரும்புக் கம்பியில் வடம் திரிக்கத் தொடங்கினார். பின்னர் ட்ரென்டனில் பெரிய ஆலை எழுந்தது. ஆக, பாலம் கட்டுவதற்கு முன்பே அவர் வடம் விற்பவர். வடம் எப்படியெல்லாம் அறும் என்பது அவருக்குத் தொழில்முறையில் தெரிந்த விஷயம்.

அந்தக் காலத்தில் தொங்கு பாலங்கள் விழுந்துகொண்டே இருந்தன. 1826இல் வேல்ஸில் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டிய மெனாய் பாலத்தின் தளத்தை 1839 புயல் பிய்த்துப் போட்டது. 1850இல் பிரான்சின் ஆன்ஜே நகரில் ஒரு பாலம், படைப்பிரிவு ஒன்று கடந்துகொண்டிருக்கும்போதே அறுந்து விழுந்து 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அமெரிக்காவிலேயே ஒஹாயோ ஆற்றின் மீது வீலிங் நகரில் சார்லஸ் எலெட் கட்டிய, 1,010 அடி நீளப் பெரும் பாலம், 1854 மே மாதத்தில் காற்றில் கப்பல்போல் மேலும் கீழும் ஆடி, முறுக்கிக்கொண்டு ஆற்றில் விழுந்தது. கட்டி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன.

எலெட்டும் கெட்டிக்காரப் பொறியாளர்தான். வடத்தின் பலத்தில் பிழை இல்லை. பாலம் காற்றில் எப்படி ஆடும் என்பதற்கு அன்று யாரிடமும் கணிதம் இல்லை, அவ்வளவுதான். ரோப்ளிங்கிடமும் இல்லை. ஆனால் கணிதம் இல்லாத இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தளத்துக்கு எடை கொடு, சட்டகங்களால் விறைப்பாக்கு, கோபுரத்திலிருந்து சாய்வாகக் கம்பிகளை இறக்கித் தளத்தைப் பிடித்து வை. இந்த மூன்றையும் வைத்து 1855இல் நயாகராவில் 821 அடி நீளத்தில் ரயில் போகும் தொங்கு பாலத்தைக் கட்டினார். தொங்கு பாலத்தில் ரயில் ஓடாது என்று ஐரோப்பாவின் பெரிய பொறியாளர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. அதன்பின் 1866 இறுதியில் சின்சினாட்டியில் 1,057 அடி.

தொங்கு பாலத்தின் அடிப்படை எளிது. தளத்தின் எடையைத் தொங்குகம்பிகள் வடத்துக்கு ஏற்றுகின்றன. வடம் அதை இழுவிசையாகக் கோபுரத்தின் தலைக்குக் கொண்டுபோகிறது. கோபுரம் செங்குத்தாக நசுங்கும் சுமையை மட்டும் தாங்கி அடித்தளத்துக்கு இறக்குகிறது. மிச்சமுள்ள கிடைமட்ட இழுப்பைக் கரையில் இருக்கும் நங்கூரக் கட்டடங்கள் தம் எடையாலேயே பிடித்துக்கொள்கின்றன. ஆகையால் இதில் உருக்கு இழுபடும், கல் நசுங்கும். இரண்டும் தமக்குத் தெரிந்த வேலையையே செய்யும். சிக்கல் எங்கே என்றால், ரோப்ளிங் சேர்த்த சாய்கம்பிகளில். ஒரே தளத்தைத் தொங்குகம்பியும் பிடிக்கிறது, சாய்கம்பியும் பிடிக்கிறது. எது எவ்வளவு சுமக்கிறது? வெயிலுக்கும் குளிருக்கும் அது மாறும். பாரம் நகரும்போதும் மாறும். அன்றைய கையால் போடும் கணக்கில் அதைத் துல்லியமாகப் பிரிக்கவே முடியாது. இந்த அறியாமைக்கு அவர் கண்ட மருந்து தாராளம். வடங்கள் அத்தனையும் போனாலும் சாய்கம்பிகளே தளத்தைப் பிடித்துக்கொள்ளும், நடுப்பகுதி தாழும், விழாது என்று 1867 அறிக்கையில் எழுதினார். இப்படி ஒரு வாக்கியத்தைத் தன் திட்ட அறிக்கையில் எழுதிய பாலக்காரர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

ஒரு குளிர்காலம், ஒரு படகுத்துறை

புரூக்ளின் அப்போது தனி நகரம். அங்கிருந்து தினமும் ஆயிரக்கணக்கானோர் படகில் மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். நடுவில் இருக்கும் ஈஸ்ட் ரிவர் பெயருக்குத்தான் ஆறு. உண்மையில் அது ஏற்றவற்றம் பாயும் கடல்நீரிணை. 1866–67 குளிர்காலத்தில் பனிக்கட்டி அடைத்துப் படகுகள் சிக்கிக்கொண்டன. பல ஆண்டுகளாகப் பேச்சளவில் இருந்த பாலத் திட்டத்துக்கு அந்தக் குளிர் வேகம் கொடுத்தது. 1867 ஏப்ரலில் சட்டமன்றம் பாலக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. பாய்மரக் கப்பல்கள் போகும் வழி என்பதால் நீர்வழியின் நடுவில் தூண் நிறுத்தக் கூடாது, தளம் 135 அடி உயரத்தில் இருக்க வேண்டும். தொங்கு பாலத்தைத் தவிர வேறு எதுவும் அந்த நிபந்தனைக்குப் பொருந்தவில்லை. நடு இடைவெளி 1,595 அடி 6 அங்குலம்; சின்சினாட்டியைப் போல ஒன்றரை மடங்கு. அனுமதிகளும் பங்குகளும் கைமாறிய விதத்தில் அன்றைய நியூயார்க் அரசியலின் பேர்போன பாஸ் ட்வீடும் நுழைந்து தன் பங்கை எடுத்துக்கொண்டார். அந்த நகரத்தில் அது செய்தியே இல்லை.

1869 ஜூன் 28 அன்று புரூக்ளின் படகுத்துறையில் நின்று கோபுரத்துக்கு இடம் குறித்துக்கொண்டிருந்தார் ஜான் ரோப்ளிங். கரையொதுங்கிய படகு அவர் காலை நசுக்கியது. விரல்களை வெட்டியெடுத்தார்கள். காயம் புரையோடி வில்வாத ஜன்னி கண்டு ஜூலை 22 அன்று இறந்தார். உள்நாட்டுப் போரில் பணியாற்றிவிட்டுத் திரும்பி, ஐரோப்பாவுக்குப் போய் நீருக்கடியில் அடித்தளம் போடும் முறைகளைப் படித்துவந்திருந்த மகன் வாஷிங்டனிடம் வேலை வந்தது. அவருக்கு வயது 32.

ஆற்றுக்கடியில்

கோபுரங்கள் நீருக்குள் நிற்க வேண்டும். அதற்கு உதவியது கேசன் என்ற பிரம்மாண்ட மரப்பெட்டி. நம் ஊரில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் பிடிபடும்: உறைக்குள் நின்று மண்ணைத் தோண்டத் தோண்ட, உறை தன் பாரத்தில் இறங்கிக்கொண்டே போகும். கேசனுக்கு மேலே கூரை உண்டு, கீழே தரை கிடையாது. கூரைமேல் கோபுரத்தின் கல் வரிசைகளை அடுக்குவார்கள். கீழே ஆட்கள் தோண்டுவார்கள். எடை கூடக் கூடப் பெட்டி படுகைக்குள் இறங்கும். தண்ணீர் உள்ளே வராமலிருக்க அழுத்தக் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆழம் கூடினால் காற்றழுத்தமும் கூட வேண்டும்.

புரூக்ளின் கரைக்கான கேசன் 168 அடி நீளம், 102 அடி அகலம். பைன் மரக் கட்டைகளால் கிரீன்பாயின்ட் கப்பல் தளத்தில் செய்யப்பட்டு, 1870 மார்ச்சில் கப்பலைப் போலவே நீரில் இறக்கப்பட்டது. வேலை செய்யும் அறையின் உயரம் ஒன்பதரை அடி. உள்ளே மெழுகுவர்த்தியும் வாயு விளக்கும். கதகதப்பும் ஈரமும் நிறைந்த அந்தக் காற்றில் குரல் மெலிந்து கீச்சென்று ஒலிக்கும், சீட்டியடிக்க வராது, ஊதி அணைத்த மெழுகுவர்த்தி மறுபடி பற்றிக்கொள்ளும். அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலியிலிருந்து வந்த குடியேறிகள்தாம் பெரும்பாலும் உள்ளே இறங்கினார்கள். தினக்கூலி இரண்டு டாலர்.

படுகையில் இறுகிய களிமண்ணும் பெரும் பாறாங்கற்களும் கலந்து கிடந்தன. தொடக்கத்தில் வாரத்துக்கு ஆறு அங்குலம்கூட இறங்கவில்லை. வெடிவைத்து உடைக்கலாம், ஆனால் அழுத்தக் காற்றில் வெடித்தால் காது என்னாகும், நுரையீரல் என்னாகும்? வாஷிங்டன் முதலில் உள்ளே கைத்துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார். பிறகு சிறு வெடி, அதைவிடச் சற்றுப் பெரிய வெடி என்று படிப்படியாக ஏற்றினார். ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் வேகம் இரண்டு மூன்று மடங்கானது.

தோண்டிய மண்ணை வெளியேற்றிய முறை சாமர்த்தியமானது. கூரையிலிருந்து மேல்நோக்கித் திறந்த ஒரு குழாய்க்கிணறு. அதில் நிற்கும் நீர்த்தூணின் எடையும் அறையின் காற்றழுத்தமும் ஒன்றையொன்று சமன் செய்யும். கீழே குழியில் மண்ணைத் தள்ளினால் மேலிருந்து இரும்புக் கவ்வி இறங்கி அள்ளிக்கொண்டு போகும். கதவு, பூட்டு எதுவும் வேண்டாம். ஆனால் நீர்த்தூண் எப்போதும் உரிய உயரத்தில் இருந்தாக வேண்டும். ஒரு ஞாயிறு காலை அது தாழ்ந்துபோனது. உள்ளிருந்த காற்று முழுவதும் நீரையும் சேற்றையும் கல்லையும் வாரிக்கொண்டு பல நூறு அடி உயரத்துக்குப் பீறிட்டது. காற்றுப் போய்விட்டதால் மேலிருந்த கல்லின் எடை அத்தனையும் மரப்பெட்டியின் தலையில் உட்கார்ந்தது. பெட்டி சில அங்குலம் இறங்கியதோடு சரி. நசுங்கவில்லை. ஆறு மடங்கு என்ற மனோபாவம் வடத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

1870 டிசம்பர் தொடக்கத்தில் நடந்தது இதைவிட மோசம். மெழுகுவர்த்தி ஒன்றின் சுடர் கூரையின் இணைப்பில் அடைத்திருந்த சணல்நாரைப் பற்றியது. அழுத்தக் காற்றில் நெருப்புக்குத் தீனி அதிகம். அதோடு காற்றே தீயை மேல்நோக்கி மரத்துக்குள் தள்ளியது. வெளியே பார்த்தால் சிறு துளை, உள்ளே கட்டைக்கு மேல் கட்டையாகக் கனன்றுகொண்டிருந்தது. வாஷிங்டன் இரவெல்லாம் உள்ளேயே இருந்து, விடியும் வேளையில் கைகால் மரத்துச் சரிந்தார். கடைசியில் கேசன் முழுவதிலும் தண்ணீரை நிரப்பித்தான் தீயை அணைக்க முடிந்தது. பிறகு தச்சர்கள் கரியாகிப்போன இடங்களைச் சுரண்டியெடுத்து, சிமென்ட் கலவையை அழுத்தி ஏற்றி, புது மரம் வைத்து அடைத்தார்கள். 1871 தொடக்கத்தில் நாற்பத்து நான்கரை அடி ஆழத்தில் அந்த அடித்தளம் அமர்ந்தது.

மன்ஹாட்டன் பக்கத்தில் மண் வேறு, ஆழம் வேறு. அங்கே பெரும்பாலும் மணல். உட்புறம் இரும்புத் தகடு வேய்ந்த புது கேசன். மணலைக் குழாயின் வாயில் குவித்தால் போதும், காற்றழுத்தமே அதை மேலே வீசியெறிந்துவிடும். மணல் பாய்ந்த வேகத்தில் குழாயின் இரும்பு வளைவுகள் அரித்து ஓட்டை விழுந்தன. வேலை வேகமாக நடந்தது. அந்த வேகமே எமனாகவும் ஆனது.

அழுத்தத்தில் இருக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. மெல்ல வெளியே வந்தால் அது மூச்சு வழியாகப் போய்விடும். சட்டென்று வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள்ளேயே குமிழாகிறது. மூட்டுகளில் தாங்க முடியாத வலி, வாந்தி, பக்கவாதம், சில வேளை மரணம். பிரெஞ்சு உடலியல் அறிஞர் போல் பேர் இதை விளக்கி எழுதியது 1878இல்தான். 1872இல் கம்பெனி மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் கண்ணால் கண்டதை மட்டும் வைத்துப் போராடினார். மெதுவாக வெளியேற வேண்டும் என்று சரியாகவே சொன்னார்; ஆனால் அவர் மனதில் வைத்திருந்த மெதுவும் உண்மையில் போதாது. கூலியாட்களுக்கோ, அழுத்தத்தைக் குறைத்து வெளியே விடும் காற்றுப் பூட்டறையில் காத்திருக்கப் பொறுமையில்லை. மறுபடி அழுத்தத்துக்குள் போனால் வலி குறைகிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். சிகிச்சையே அதுதான் என்று பின்னாளில் உலகம் கண்டுகொண்டது. 110 பேருக்குச் சிகிச்சை அளித்தார், மூவர் இறந்தனர். ஆட்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள்.

1872 மே மாதம், எழுபத்தெட்டரை அடியில், வாஷிங்டன் தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். கீழே இன்னும் மணல்தான். துளையிட்டுப் பார்த்ததில் பாறை மேடுபள்ளமாக இருப்பது தெரிந்தது. ஒரு மூலையில் பக்கம், மறு மூலையில் தூரம். அதைச் சமன் செய்ய மேலும் பல மாதங்களும், எத்தனையென்று தெரியாத உயிர்களும் போகும். அந்த மணல் படிந்த நாள்முதல் அசையாதது, கல்லைப்போல் இறுகியது என்று கணித்து, அதன்மேலேயே கோபுரத்தை நிறுத்த முடிவு செய்தார். புரூக்ளின் பாலத்தில் உண்மையான துணிச்சல் எங்கே என்று என்னைக் கேட்டால் இந்த முடிவைத்தான் காட்டுவேன். சந்தேகத்தையே கொள்கையாகக் கொண்டவர், ஒரு இடத்தில் இதற்கு மேல் சந்தேகப்படுவதற்குக் கூலியாட்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று நிறுத்திக்கொண்டார். மன்ஹாட்டன் கோபுரம் இன்றும் அந்த மணல்மேல்தான் நிற்கிறது. அவருடைய உடல் நிற்கவில்லை. அதே அழுத்த நோய் கண்டு அதே ஆண்டில் முடங்கினார்.

கல்லும் கம்பியும்

கோபுரங்கள் நீர்மட்டத்துக்கு மேல் 276 அடிக்குக் கருங்கல்லில் எழுந்தன; புரூக்ளின் கோபுரம் 1875இலும் மற்றது 1876இலும் முடிந்தன. புகைப்படம் எடுப்பவர்கள் விரும்பும் கூர்முனை வளைவுகள் அவற்றில்தான். பொறியியலில் அவற்றைவிடச் சுவையானவை யாரும் படமெடுக்காத நங்கூரக் கட்டடங்கள். ஒவ்வொன்றும் சுமார் 60,000 டன் கல். அதன் அடியில் வடத்துக்கு ஒன்றாக, தலா 23 டன் எடையுள்ள வார்ப்பிரும்புத் தட்டுகள் நான்கு. தட்டிலிருந்து இரும்புப் பட்டைகள் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டு, கல்லுக்குள்ளேயே வளைந்து மேலேறி வடத்தின் புரிகளைப் பற்றுகின்றன. வடம் இழுத்தால் தட்டு அதன்மேல் இருக்கும் கல்மலையையே தூக்கியாக வேண்டும்.

1876 ஆகஸ்ட் 14 அன்று முதல் கம்பிக்கயிறு (பெருவடம் அல்ல, வேலைக்கான ஓடும் வடம்) படகில் கரை கடந்தது. அதே மாதம் 25ஆம் தேதி தலைமை மெக்கானிக் ஃபாரிங்டன், ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி அதில் உட்கார்ந்து, மேலே ஓடும் வடத்தில் தொங்கியபடி இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனார். கரையெங்கும் கூட்டம், கப்பல்களின் சங்கொலி. தன் ஆட்களுக்குப் பயம் தெளியட்டும் என்பதே அவர் காரணம்.

பாலத்தின் பெருவடத்தைக் கயிற்றைப்போல் முறுக்குவதில்லை. முறுக்கினால் கம்பிகள் சாய்ந்து பலம் குறையும். ஒவ்வொரு கம்பியும் கரைக்குக் கரை நேராக, பக்கத்துக் கம்பிக்கு இணையாகப் போட வேண்டும். ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலத் தடிமனுள்ள கம்பி. உப்புக் காற்றைத் தாங்கத் துத்தநாகம் பூசியது. முனைக்கு முனை திருகாணி இணைப்பால் கோர்த்து, நங்கூரக் கட்டடத்தில் பெரிய உருளைகளில் சுற்றி வைத்திருப்பார்கள். ஓடும் வடத்தில் கட்டிய சக்கரம் ஒன்று கம்பியின் மடிப்பைத் தன் விளிம்பில் மாட்டிக்கொண்டு இரண்டு கோபுரங்களையும் தாண்டி அக்கரைக்குப் போகும். அங்கே ஆட்கள் மடிப்பை எடுத்து இரும்புக் கொண்டியில் மாட்டுவார்கள். ஒரு பயணத்துக்கு இரண்டு கம்பி.

கடினம் அதைச் சரியான தொய்வில் நிறுத்துவதில். முன்பே அளந்து தொங்கவிட்ட மாதிரிக் கம்பி ஒன்று இருக்கும். புதுக் கம்பியை அதோடு ஒப்பிட்டு, நடுவில் நிற்பவர் கொடி காட்ட, கரையில் இருப்பவர்கள் இழுத்தோ விட்டோ சமன் செய்வார்கள். வெயில் ஏறினால் கம்பி நீளும். நிழலில் இருப்பது ஒரு நீளம், வெயிலில் இருப்பது ஒரு நீளம். ஆகவே துல்லியமான சரிபார்ப்பை அதிகாலையில், காற்றும் வெயிலும் இல்லாதபோது வைத்துக்கொள்வதே நல்லது. தொய்வு சற்றுக் கூடினாலும் அந்தக் கம்பி சோம்பேறியாகத் தொங்கும்; மற்றவை அதன் பாரத்தையும் சுமக்கும். இப்படி 286 கம்பிகள் சேர்ந்தால் ஒரு புரி. 19 புரி சேர்ந்தால் ஒரு வடம். மொத்தம் 5,434 கம்பிகளை இறுக்கி வட்டமாக்கி, மேலே கம்பி சுற்றி மூடினால் பதினைந்தே முக்கால் அங்குல விட்டம். 1877 நடுவில் தொடங்கிய இந்த வேலை 1878 அக்டோபரில் முடிந்தது. இடையில் ஒரு நாள், 1878 ஜூனில், மன்ஹாட்டன் நங்கூரக் கட்டடத்தில் புரி ஒன்று பிடி விட்டுச் சீறிப் பாய்ந்து இருவரைக் கொன்றது.

கம்பி இரும்பா, உருக்கா என்பதும் அன்று ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய பாலத்தின் வடத்துக்கு யாரும் உருக்கைப் பயன்படுத்தியதில்லை. பிரிட்டனில் பாலங்களுக்கு உருக்கைப் பயன்படுத்தவே 1877 வரை அனுமதியில்லை. ரோப்ளிங்குகள் உருக்கைத் தேர்ந்தார்கள். அது புதுப்பொருள் என்பதால் ஒவ்வொரு கம்பிச் சுருளையும் இழுத்துப் பார்த்து, வளைத்துப் பார்த்து, தேறியதற்குச் சான்று எழுத ஆய்வாளர்களை வைத்தார்கள்.

அந்தச் சான்றிதழைத்தான் ஒப்பந்ததாரர் லாயிட் ஹேய் விலையில்லாத காகிதமாக்கினார். அவருக்கு ஒப்பந்தம் போனதே ஒரு விநோதம். பாலக் கம்பெனியில் பதவி வகிப்பவருக்குப் பங்கு இருக்கும் நிறுவனம் எதுவும் கம்பி கொடுக்கக் கூடாது என்று அறங்காவலர் ஏப்ரம் ஹ்யூவிட் தீர்மானம் கொண்டுவந்தார். கேட்க நியாயமாக இருக்கும். நாட்டிலேயே சிறந்த வட ஆலை ரோப்ளிங் குடும்பத்துடையது. வாஷிங்டன் தன் பங்குகளை விற்றுவிட்டார். ஆனாலும் ஒப்பந்தம் குறைந்த விலை கேட்ட ஹேயிடம் போயிற்று. ஹேயின் சொத்தின் மீது அடமானப் பத்திரம் வைத்திருந்தவர் வேறு யாருமில்லை, அதே ஹ்யூவிட். ஹேயை நம்ப வேண்டாம் என்று வாஷிங்டன் படுக்கையிலிருந்தே எழுதினார், கேட்பாரில்லை.

உத்தி எளிமையானது. ஆலையில் நல்ல சுருள்கள் ஆய்வாளர் முன் தேறும். சான்றோடு வண்டியில் ஏறும். வழியில் ஒரு கட்டடத்தில் வண்டி நிற்கும். நல்லது இறங்கும், ஏற்கெனவே தள்ளுபடியானது ஏறும். சான்றோடு வண்டி பாலத்துக்குப் போகும். இறங்கிய நல்ல சுருள்கள் ஆலைக்குத் திரும்பி மறுபடி ஆய்வாளர் முன் வந்து நிற்கும். அதே சுருள்கள் எத்தனை முறை தேறினவோ! வாஷிங்டனின் உதவிப் பொறியாளர் பெயினுக்குச் சந்தேகம் வந்து, வண்டியைப் பின்தொடர்ந்து 1878 ஜூலையில் பிடித்தார்கள். வடம் ஒவ்வொன்றிலும் கூடுதலாகச் சுமார் 150 நல்ல கம்பிகளை ஹேயின் செலவிலேயே சேர்ப்பது என்று முடிவானது; மேலே சொன்ன 5,434 அவற்றையும் சேர்த்த கணக்கு. பாலத்து மோசடிக்காக ஹேய் வழக்கைச் சந்திக்கவில்லை. வேறொரு மோசடியில் சிக்கிச் சிங் சிங் சிறைக்குப் போனார். ஹ்யூவிட் 1883 திறப்பு விழாவில் முக்கிய உரை நிகழ்த்தினார்.

ஜன்னலோரத்துப் பொறியாளர்

வாஷிங்டன் இந்த ஆண்டுகளில் வேலையிடத்துக்கு வரவே இல்லை. புரூக்ளினில் மேட்டில் இருந்த வீட்டின் ஜன்னலிலிருந்து தொலைநோக்கியால் பார்த்து, கட்டளைகளை எழுதினார். பேசவும் எழுதவும் தெம்பில்லாத நாட்களில் மனைவி எமிலி எழுதினார். எமிலி கணிதமும் வடத்தின் வளைவும் பொருள்களின் பலமும் படித்துக்கொண்டு, தினமும் உதவிப் பொறியாளர்களிடம் போய்ச் சேதி சொல்லி, சந்தேகம் கேட்டு வந்தார். பாலத்தை அவர்தான் வடிவமைத்தார் என்று இப்போது சிலர் உற்சாகத்தில் எழுதுகிறார்கள். அது வாஷிங்டனுக்கும் நியாயமில்லை, எமிலிக்கும் நியாயமில்லை. வரைபடங்கள் முன்பே இருந்தன. பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு பெருவேலையின் தலையும் கைகளும் வெவ்வேறு இடங்களில் இருந்தும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டது அவர் செய்த காரியம்; அதற்குப் பொய்ப் புகழ் தேவையில்லை. 1882இல் வாஷிங்டனை நீக்க அறங்காவலர் குழுவில் தீர்மானம் வந்தது. பத்துக்கு ஏழு என்ற கணக்கில் தப்பினார்.

அதற்கு முந்தைய ஆண்டு அதே குழு, பாலத்தில் கனரக ரயில் போக வேண்டும் என்று புதிதாகக் கேட்டிருந்தது. சட்டகங்களை வலுவாக்கச் சுமார் 1,000 டன் உருக்கு கூடியது. வடம் கட்டி முடிந்த பிறகு பாரத்தைக் கூட்டுவதென்றால் அதற்கும் அந்த ஆறிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

1883 மே 24 அன்று அதிபர் செஸ்டர் ஆர்தர் வந்து பாலம் திறக்கப்பட்டது. செலவு ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. கட்டும்போது இறந்தவர்கள் இருபதுக்குக் குறையாது. திறந்த ஒரு வாரத்துக்குள், மே 30 அன்று, படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 12 பேர் இறந்தார்கள். பாலத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. மக்களுக்குத்தான் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. மறு ஆண்டு சர்க்கஸ்காரர் பார்னம் 21 யானைகளை நடத்திக் காட்டினார். யானைகள் எத்தனை மடங்கு என்று வாஷிங்டன் கணக்குப் பார்த்திருப்பாரோ என்னவோ, பார்னமுக்கு அது நல்ல விளம்பரம்.

மிச்சம்

பின்னாளில் கணிதம் வளர்ந்தது. வடத்தின் இழுவிசையே தளத்தை விறைப்பாக்குகிறது என்று கண்டு, கோட்பாட்டை நம்பித் தளங்களை மெலிதாக்கினார்கள். சாய்கம்பிகள் வீண் என்று கைவிட்டார்கள். அந்த மெலிவின் எல்லையில் 1940இல் டகோமா பாலம் நின்றது. 2,800 அடி இடைவெளிக்கு எட்டடி உயர உத்தரங்கள். திறந்து நான்கு மாதத்தில், மணிக்கு 42 மைல் வேகக் காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்தது. வீலிங் விழுந்து 86 ஆண்டுகள் ஆகியிருந்தன. வடத்தின் பலம் அங்கும் பிரச்சினையாக இருக்கவில்லை.

புரூக்ளின் பாலத்தில் உறுப்புகள் அவ்வப்போது தோற்றிருக்கின்றன. 1901இல் நடுப்பகுதியில் சில தொங்குகம்பிகள் அறுந்தன; பக்கத்துக் கம்பிகள் பாரத்தை வாங்கிக்கொண்டன. 1948 முதல் 1954 வரை பொறியாளர் டேவிட் ஸ்டைன்மன் ரயில், டிராம் தடங்களை எடுத்துவிட்டு, சட்டகங்களை மாற்றிக் கட்டி, ஆறு வழிக் கார்ச்சாலையாக்கினார். 1981இல் சாய்கம்பிகள் இரண்டு அறுந்து விழுந்தன. பாலம் அசையவில்லை, ஆனால் நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் உயிரிழந்தார். உபரி பலம் பாலத்துக்குத்தான் காப்பு. அறுந்து வரும் கம்பிக்குக் கீழே நிற்பவருக்கு அது எதுவும் செய்யாது. அதன்பின் சாய்கம்பிகளும் தொங்குகம்பிகளும் புதிதாக மாற்றப்பட்டன. நான்கு பெருவடங்கள் மட்டும் 1878இல் போட்டவையே.

இப்போது பராமரிப்பவர்கள் பலத்தைக் கூட்டுவதைவிடப் பாரத்தைக் குறைப்பதில்தான் அதிகம் கவனமாக இருக்கிறார்கள். சரக்கு லாரிகளுக்குப் பாலத்தில் அனுமதியில்லை. 2021இல் கார்களின் வழி ஒன்றையும் எடுத்துச் சைக்கிள்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.